ஓசையில்லாத பொத்தான்கள்

வீடியோ கேம் கன்ட்ரோலரைப் பையில் போட்டுக் கொடுக்கும்போது கடைக்காரன் புவனேஸ்வரன் ஏன் தலையைக் குனிந்துகொண்டான் என்று எலைனுக்கு அப்போது புரியவில்லை. கூலிம் கடைவீதி வெயிலில் பாடாங் செராய் பஸ்ஸுக்காக நின்றபோதுதான் புரிந்தது.

நன்றாகத்தான் எடுத்துக் காட்டினான். பழைய கேசட் கேம்களுக்காகப் பழைய அச்சிலேயே புதிதாகச் செய்த கன்ட்ரோலர்கள். ஒன்று செங்கல் மாதிரி நீள்சதுரம். பிடித்தால் முனை உள்ளங்கையைக் குத்தியது. இன்னொன்றுக்கு இரு பக்கமும் உருண்டிருந்தது. மூன்றாவதில் கீழே இரண்டு பிடிகள் நீண்டிருந்தன.

"பழைய மாதிரியே வேணும்னா இந்தச் சதுரம்தான்க்கா. கையில பலம் இல்லாதவங்களுக்குப் பிடி வச்சதுதான் லேசு. யாருக்கு வாங்குறீங்க?"

"வீட்டுக்காரருக்கு. சின்ன வயசுல விளையாடுனாரு."

"அப்போ அவரையே கூட்டிட்டு வாங்களேன். கையில பிடிச்சுப் பாத்து வாங்குற சாமான்லா இது."

ரோனால்ட்டை இந்தக் கடைக்குள் நடத்திக் கூட்டி வருவதை அவள் நினைத்துப் பார்த்தாள். கல்யாண மேடைகளில் மைக்கைப் பிடித்து மண்டபத்தையே சிரிக்க வைத்த மனிதர். வாதம் வலப்பக்கத்தைச் சாய்த்த பிறகு அவர் வாயோரம் எப்போதும் ஈரம். பேச்சு போய், அவள் பெயரின் முதல் எழுத்தின் இழுவை மட்டும் மிச்சம்: "ஏ... ஏ..." வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவரைப் பார்த்துவிட்டு அவளையும் பார்ப்பார்கள்.

"அவரு இல்ல தம்பி," என்றாள்.

வாக்கியத்தில் இன்னும் பாதி இருந்தது. வர்ற நிலைமையில இல்ல என்று முடித்திருக்க வேண்டும். அவள் முடிக்கவில்லை. அவன் இரண்டு கன்ட்ரோலர்களை அவள் பக்கம் தள்ளினான். ஒன்று அழுத்தினால் டக்கென்று கேட்கும். மற்றதன் பொத்தான்கள் மெத்தென்ற ரப்பர், சத்தமே வராது. அவள் சத்தம் வராததை எடுத்தாள். தாமான் குடியிருப்பின் வரிசை வீடுகளில் சுவர் மெல்லியது. பட்டப்பகலில் வளர்ந்த ஆள் கேம் விளையாடுவது பக்கத்து வீட்டுக்குக் கேட்க வேண்டாம்.

பஸ் வந்தது. அவர் செத்துவிட்டதாக அந்தப் பையன் எடுத்துக்கொண்டிருக்கிறான்; திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. ஏறிக்கொண்டாள்.

பிடித்த வேலையைக் கொடுங்கள், விரல் தானாகத் தேடிப் போகும் என்று ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் அம்மா சொன்னது பொய்யாகவில்லை. இடது கையால் கன்ட்ரோலரை வயிற்றோடு அணைத்து, வலது கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்ததும், மாதக்கணக்காக மரக்கட்டையாகக் கிடந்த அந்த விரல் மெல்ல நடுங்கி, இறங்கி, எழுந்தது. திரையில் குட்டி மனிதன் ஒருவன் ஒரு பள்ளத்தைத் தாண்டினான். ரோனால்ட் சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது. எலைன் குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுநாள் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியபோது, வீட்டில் மூத்திர வாடை அடித்தது. அடுப்பின் மேல் வைத்துவிட்டுப் போன கஞ்சி வைத்தபடியே ஆடை கட்டியிருந்தது. மத்தியானம் சாவி போட்டுத் திறந்து அவருக்கு ஊட்டிவிட்டுப் போவது பக்கத்து வீட்டு லோகேஸ்வரி அக்காதான். தவறியதே கிடையாது. வேலிப் பக்கம் போய்க் கேட்டாள்.

"இன்னைக்கு வரலையாக்கா?"

"எங்க?"

"கஞ்சி கொடுக்க."

லோகேஸ்வரி துணி காயப் போடுவதை நிறுத்தினாள். அவள் முகத்தில் கோபமோ மறதியோ இல்லை. இரக்கம் இருந்தது. "நீ சாப்பிட்டியா எலைன்? சாயங்காலம் நான் ஏதாச்சும் எடுத்துட்டு வர்றேன்."

எடுத்துக்கொண்டு வந்தாள். கூடத்தில் ரோனால்ட் நாற்காலியில் இருந்தார். அவருக்கு எதிரே உட்கார்ந்து, தனியாக இருக்கும் பொம்பளைக்கு ராத்திரியில் கதவைப் பூட்டுவது முக்கியம் என்று பேசிக்கொண்டே, சோற்றுத் தூக்கை அவர் மடியில் வைத்தாள். அங்கே ஆளே இல்லாதது போல, மேசையில் வைப்பது போல. சூடான தூக்கு. அவருடைய தொடை துடித்தது. லோகேஸ்வரி பேச்சை நிறுத்தவில்லை.

எலைன் பாய்ந்து தூக்கை எடுத்தாள். அதை மேசையில் வைத்தாள். என்ன சொல்வாள்? சொல்ல ஆரம்பித்தால் கூலிம் கடையில் சொன்னதிலிருந்து அல்லவா சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின்போது கோயிலில் யாரும் ரோனால்ட்டைப் பற்றி விசாரிக்கவில்லை. வழக்கமாக வாசலிலேயே கையைப் பிடித்துக்கொள்ளும் ஜேன் அக்கா, அன்றும் கையைப் பிடித்தாள், அழுத்தினாள், விட்டுவிட்டாள். பாடலின்போது, பின் வரிசைகளிலிருந்து அந்தப் பழைய பார்வை முதுகில் ஊரவில்லை என்பதை எலைன் கவனித்தாள். உடம்பு லேசாக இருந்தது. நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுப் பாடினாள். பாதிப் பாட்டில்தான் அதன் காரணம் தெரிந்தது: எல்லோர் கணக்கிலும் ரோனால்ட் செத்திருந்தார். காது மடல்கள் கொதித்தன. மீதிப் பாட்டுக்கு உதட்டை மட்டும் அசைத்தாள்.

அன்றே கூலிமுக்குப் போனாள்.

"தம்பி, அன்னைக்கு நான் சொன்னது தப்பாப் போச்சு. எம் புருஷன் உயிரோடதான் இருக்காரு. வீட்டுல, நாற்காலியில. நீ கொடுத்ததுலதான் விளையாடுறாரு."

புவனேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தான். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காருங்கக்கா. எங்கப்பா போனப்போ எங்கம்மாவும் இப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. போகப் போகச் சரியாயிரும்லா."

அவள் உட்காரவில்லை.

வீட்டுக்கு வரும்போது மழை பிடித்துவிட்டது. தகரக் கூரையில் ஓயாத இரைச்சல். சாத்திக் கிடந்த கூடத்தில் பவுடர் வாசனையும் தைல வாசனையும் அடியில் புளித்த எச்சில் வாசனையும் கலந்து நின்றன. டிவியின் நீல வெளிச்சம் சுவரில் நெளிந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் தோளைப் பார்த்தாள். சட்டைக்குப் பின்னால் நாற்காலி மெத்தையின் பூக்கள் தெரிந்தன. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். பூக்கள் தெரிந்தன. காம்பு, இலை, எல்லாம்.

"ரோனி."

அவர் திரும்பினார். கண்கள் மட்டும் கெட்டியாக இருந்தன. அந்தக் கண்களில் கேள்வி ஏதும் இல்லை என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் கடையில் என்ன சொன்னாள் என்று, ஏன் சொன்னாள் என்று.

அதன் பிறகு வேலைக்குப் போகவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். அவரைக் குளிப்பாட்டும்போது தண்ணீர் எங்கே படுகிறது என்று பார்த்துப் பார்த்துக் குளிப்பாட்டினாள். ஒரு காலையில் கஞ்சியோடு வந்தபோது நாற்காலியில் போர்வை மட்டும் இருந்தது. போர்வைக்குள் முழங்கால்களின் மேடு. மேலே ஒன்றுமில்லை. மடியில் கன்ட்ரோலர். சிவப்புப் பொத்தான் இறங்கியது. எழுந்தது. இறங்கியது.

சத்தமே இல்லை.

கரண்டியை நீட்டினாள். எங்கேயோ பல்லில் இடித்தது. வெறுமையாகத் திரும்பி வந்தது.

பொழுது சாயும் நேரத்தில் வாசல் கேட் அருகே செருப்புச் சத்தம். பல செருப்புகள்.

"எலைன்." ஜேன் அக்காவின் குரல். "உனக்காக ஜெபம் பண்ண வந்திருக்கோம்மா. திற."

அவள் அசையவில்லை.

நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "ஏ..."

வெளியே பேச்சு நின்றது. கேட்டின் சங்கிலி ஒருமுறை ஆடி அடங்கியது.

"உள்ள யாரு?" லோகேஸ்வரி கேட்டாள். "எலைன், யாரும்மா அது? ரோனால்ட் குரல் மாதிரியே இருக்கே."

கேட்கிறது. அவர்களுக்குக் கேட்கிறது. கதவைத் திறந்து, இதோ இருக்கிறார், வந்து தொட்டுப் பாருங்கள் என்றால் போதும். நான்தான் சொன்னேன், வெட்கப்பட்டுச் சொன்னேன் என்றால் போதும். எலைன் கதவு வரைக்கும் போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். வெளியே ஜேன் அக்கா இருந்தாள், லோகேஸ்வரி இருந்தாள், பின்னால் கோயில் பாடகர் குழுவே நின்றது. அத்தனை முகங்களும் முதலில் நாற்காலியைப் பார்க்கும்.

பிறகு அவளை.

"ஏ... ஏ..." குரல் உயர்ந்தது. அந்த எழுத்துக்குப் பின்னால் இன்னொன்று முட்டியது. "ஏ... லை..."

திரும்பி ஓடினாள். நாற்காலிக்கு மேலே வெறும் காற்றில் கையை விட்டுத் தடவினாள். தாடி மயிர். ஈரம். உதடு. உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினாள்.

"டிவி அக்கா," என்றாள் வெளியே கேட்கும்படி. "டிவிதான் ஓடுது."

உள்ளங்கையில் மூச்சு சுட்டது. தலை, அவள் கைக்குள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்ப முயன்றது. மறு கையால் பின்னந்தலையைப் பிடித்துக்கொண்டாள். மடியில் பொத்தான்கள் இறங்கின, எழுந்தன, எல்லாம் ஒன்றாக, வேகமாக, ஓசையின்றி.

"சரிம்மா," என்றாள் ஜேன் அக்கா. "இங்கேயே நின்னு ஜெபிச்சுட்டுப் போறோம். நீயும் உள்ளேயிருந்து சொல்லு."

வாசலில் குரல்கள் சேர்ந்து எழுந்தன. எலைனும் வாயைத் திறந்து அவர்களோடு சொன்னாள். சிவப்புப் பொத்தான் ஒருமுறை ஆழமாக அமுங்கியது.

எழவில்லை. உள்ளங்கையில் மூச்சு சுடவில்லை.

அவள் கையை எடுக்கவில்லை.