மூடிய பானெட்டுக்குள்

மெத்தைக்கடைக்காரரின் கார், மருத்துவமனை மேட்டில் மூன்றாவது முறையாகச் செத்து நின்றது. கறுப்புப் புகை, பெட்ரோல் நாற்றம், அப்புறம் சத்தமே இல்லை. பின்சீட்டில் அவர் மனைவி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். டயாலிசிஸுக்குக் கொடுத்த நேரம் போயே போய்விட்டது.

ஒருவழியாக வீடு திரும்பியதும் அவர் செய்த முதல் வேலை, மனைவியின் தம்பியை வாசலில் நிறுத்தி வைத்துக் கத்தியது.

"நீ ஏர் ஃபில்டர் மாத்தின நாள்ல இருந்துதான்டா இந்தக் கேடு! வண்டியை வித்துடுங்கன்னு நச்சரிச்சே. நான் கேக்கலைன்னதும் கையை வெச்சுட்டே. இனிமே இந்தப் படி ஏறாதே!"

தம்பி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். மனைவிதான் பேசினாள்.

"அவன் பண்ணலைன்னு தெரியற வரைக்கும் நான் எந்த வண்டியிலயும் ஏற மாட்டேன். செத்தா இங்கயே சாகறேன்."

அவள் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். கெஞ்சினார், மிரட்டினார், அழுதும் பார்த்தார். மறுநாள் மாலை நான்கு மணிக்கு ஓர் இடம் ஒதுக்கித் தந்த டாக்டர், "இதையும் விட்டா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். அப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்று சொல்லியிருந்தார். விடிந்தபோது அவள் கால்கள் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை.

மதியம் ஒரு மணி. மோப்பம் வந்தாள்.

கார் ஒயரிங் வேலை செய்கிற பெண். கோளாறை மோப்பம் பிடித்தே கண்டுபிடிப்பாள் என்று பேர். வாய் கொஞ்சம் நீளம். அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் கிடையாது.

"இதுக்கு முன்னால யார் பார்த்தாங்க?"

"மூணு மெக்கானிக். பிளக்கை மாத்தினாங்க, பேட்டரியை மாத்தினாங்க, காத்தோட சூடு பார்க்கற சென்சாரையும் மாத்தினாங்க. ஷெட்டுல வெச்சா நல்ல பிள்ளை மாதிரி ஓடுது, தங்கச்சி."

"எங்க நிக்குது?"

"மேடு ஏறும்போது."

"இறங்கும்போது?"

"ஒருநாளும் நின்னதில்லை."

"நின்னதும் என்ன பண்ணுவீங்க?"

"பானெட்டைத் திறந்து பார்ப்பேன். கொஞ்ச நேரத்துல தானா ஸ்டார்ட் ஆகிடும்."

மோப்பம் பானெட்டைத் தூக்கினாள். அதன் உட்பக்கம் ஒட்டியிருந்த சாம்பல்நிற மெத்தையில் தலை படாமல் குனிந்து ஒரு பிளக்கைக் கழற்றினாள். கரி அப்பியிருந்தது. "வயிறு முட்ட பெட்ரோல் குடிச்சிருக்கு" என்று முனகி, அதை மாட்டி, பானெட்டை இறக்கினாள். மூடவில்லை. ஓங்கி இரண்டு குத்து விட்ட பிறகுதான் பூட்டு விழுந்தது.

"ஏண்ணே இப்படி அடம் பிடிக்குது?"

"பழைய வண்டிம்மா."

"பழைய வண்டின்னா சத்தம் காதைக் கிழிக்கணுமே. இது பூனை மாதிரி இருக்கு?"

"அவளுக்குச் சத்தம் ஆகாது, தங்கச்சி. டயாலிசிஸ் முடிஞ்சு வர்றப்ப தலை வெடிக்குதும்பா."

மோப்பம் அவரை ஒரு தரம் பார்த்தாள். "எங்கேயோ இடிக்குதே" என்றாள். பிறகு எஞ்சினின் கணக்கைத் திரையில் காட்டும் ஸ்கேனரின் ஒயரை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகிவிட்டு, "ஏறுங்க, மேட்டுக்குப் போவோம்" என்றாள்.

பாதி மேட்டில் கார் இருமியது. கறுப்புப் புகையைக் கக்கிவிட்டு நின்றது. மெத்தைக்கடைக்காரர் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டார். "போச்சு! என் பொண்டாட்டி போயிடுவா, தங்கச்சி!"

"வாயை அலம்புங்க முதல்ல. இதைப் பாருங்க."

ஸ்கேனர் திரையில், எஞ்சினுக்குள் வரும் காற்றின் சூடு: மைனஸ் நாற்பது.

"வெயில் மண்டையைப் பிளக்குது. உங்க வண்டி என்னடான்னா பனிமலையில நிக்கறேங்குது. காத்து குளிரா இருக்குன்னு நினைச்சு பெட்ரோலைக் கொட்டிக் கொட்டி மூச்சு முட்டிச் சாகுது. சென்சார் ஒயர் எங்கயோ விட்டுப்போனாத்தான் இப்படி காட்டும். சாவியை அணைக்காதீங்க. இறங்கிப்போய் பானெட்டைத் திறங்க."

திறந்தார். திரையில் எண் துள்ளியது: நாற்பத்தாறு.

"மூடி, நல்லா அழுத்துங்க."

மைனஸ் நாற்பது.

"சரியாப்போச்சு! பூட்டின அறைக்குள்ள நடக்கற குத்தம் இது. மூணு மெக்கானிக்கும் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டுத் தேடியிருக்காங்க. திறந்ததுமே அவன் கையை எடுத்துடறானே, எப்படி அகப்படுவான்?"

"யாரு? என் மச்சானா?"

"வீட்டுக்கு விடுங்க. அக்கா முன்னால சொல்றேன்."

மூன்று மணிக்குச் சற்று முன், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மனைவியின் எதிரில் மோப்பம் பானெட்டைத் திறந்தாள். சாம்பல்நிற மெத்தையின் ஓரத்தில் ஓர் ஒயர் பதிந்த பள்ளம் இருந்தது. அதற்கு நேர் கீழே சென்சார் ஒயர். அதைக் கத்தியால் கீறினாள். மேல்தோல் முழுசாக இருந்தது; உள்ளே செம்பு துண்டாகியிருந்தது.

"மூடினா இந்த மெத்தை ஒயரை நசுக்குது. சமதரையில எப்படியோ தொட்டுக்கிட்டு இருக்கு. மேடு ஏறினா எஞ்சின் சாஞ்சு இழுக்குது, விட்டுப்போகுது. கம்பெனி மெத்தைன்னு நினைச்சு எல்லாரும் விட்டுட்டாங்க. ஆனா எந்தக் கம்பெனியும் இவ்வளவு தடியா வைக்காது, ஓரத்துல ரெட்டைத் தையலும் போடாது. அண்ணே, இந்தத் தையல் யாரோடது?"

மெத்தைக்கடைக்காரர் அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். ஊரில் அவர் ஒருவர்தான் எல்லா மெத்தைக்கும் ரெட்டைத் தையல் போடுபவர்.

"என்னோடது."

"எப்ப ஒட்டினீங்க?"

"மச்சான் ஃபில்டர் மாத்தினானே, அன்னிக்குச் சாயந்திரம். சத்தமில்லாம இவ தூங்கிட்டு வரட்டும்னு..."

அவர் தரையில் உட்கார்ந்து விம்மினார். ஆசையாய்த் தைத்த மெத்தை அவளைக் கொல்லப் பார்த்திருக்கிறது. பழியை ஒரு பாவமும் அறியாதவன் தலையில் போட்டுத் துரத்தியிருக்கிறார். அதைத் தாங்க அவரால் முடியவில்லை.

"பிள்ளையார் பிடிக்கப்போய் குரங்காப்போச்சு" என்றாள் மனைவி, மூச்சுக்கு நடுவே. "அழுதது போதும். அவனுக்கு போன் போடுங்க."

மோப்பம் மெத்தையைப் பிய்த்தெறிந்து ஒயரை ஒட்டுப்போட ஆரம்பித்தாள். போன் வெகுநேரம் அடித்தது. கடைசியில் தம்பி எடுத்தான்.

"மச்சான்... வண்டியைக் கெடுத்தது நான்தான்டா. நீ இல்லை. நான்தான்."

தம்பி கேட்டான்:

"அக்கா வண்டியில ஏறிட்டாளா, மாமா?"

அவன் தெருமுனையில்தான் நின்றிருந்தான். நேற்றிலிருந்து அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருந்தானாம். போகிற வழியில் ஏறிக்கொண்டு அக்காவின் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டான்.

மேட்டில், மெத்தை போன கார் ஊரே கேட்கும்படி கத்திக்கொண்டு ஏறியது. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் வேகமா போங்க" என்றாள்.