நாலு துளி

"தம்பி, இஞ்ச ஓடி வா! உன்ர மனுசியின்ர வேலையைப் பார்!"

காலை ஏழு மணிக்கே இந்திராணியின் குரல் ஜெர்மனியின் கொலோன் நகரில் இருந்த அந்த வீட்டை உலுக்கியது. அரிசிமா வாளிக்குப் பின்னால் கண்டெடுத்த சின்ன மண்ணிறப் போத்தலைத் தம்பி செல்வரட்ணத்தின் மூக்கடியில் நீட்டினாள்.

"மணந்து பார்... பிரண்டிச் சாராயம்! அதுதானே, குழம்புக்கு ரெண்டு தரம் உப்புப் போடுறாள்!"

செல்வரட்ணத்தின் முகம் கறுத்தது. "சியாமளா... நீ குடிக்கிறியோ?"

அவர் மனைவி சியாமளா தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள். போத்தலில் இருந்தது மருந்துக்கடையில் அவள் வாங்கிய பூ மருந்து. பூ ஊறிய நீர் கெடாமலிருக்கப் பிரண்டி கலப்பார்களாம். மனம் சோர்ந்தவர்களுக்கு நாலு துளி தண்ணீரில் விட்டுக் கொடுக்கலாம் என்றிருந்தாள் கடைக்காரி. மகள் தேனுஜா இரண்டு மாதமாக வேலையிலிருந்து வந்ததும் அறைக்குள் முடங்கி அழுகிறாள். டொக்டரிடம் காட்டுவோம் என்று கேட்டபோது, "என்ர பிள்ளைக்கு விசருமில்லை, பைத்தியமுமில்லை!" என்று கத்தியவர் இதே செல்வரட்ணம்தான். "மருந்து எடுக்கிறதை அப்பாவுக்கும் இந்திராணி மாமிக்கும் சொல்லிப்போடாதேங்கோ அம்மா..." என்று பிள்ளை கெஞ்சியிருந்தாள்.

"ஓம்... நான்தான் குடிக்கிறனான்."

"ஐயோ, வாயாலயே சொல்லிப்போட்டாள்! சனம் காறித் துப்பப்போகுது!"

"இருபத்திரண்டு வருசம் உழைச்சுப் போட்டதுக்கு இதுவோ பலன்? என்ர வீட்டில குடிகாரிக்கு இடமில்லை. போ!" செல்வரட்ணம் வாசலைக் காட்டினார்.

அறைக்கதவு திறந்தது. வாராத தலையோடு தேனுஜா வந்து நின்றாள்.

"அது என்ர மருந்து அப்பா! அம்மா ஒரு சொட்டும் வாயில வைக்கேல்லை."

"உனக்கென்னம்மா வருத்தம்?"

"விடிஞ்சா ஏன் விடிஞ்சதெண்டு இருக்கு அப்பா... அந்தத் துளி சுகமாக்கிச்சோ தெரியாது. அதைத் தண்ணியில விட்டுக் கொண்டுவந்து தந்திட்டு அம்மா ஒவ்வொரு நாளும் பக்கத்தில இருந்தவா. நீங்கள் ஒருநாளும் வரேல்லை!"

"எனக்கென்ன தெரியும்... மணந்தது, சொன்னன்," என்று முணுமுணுத்தபடி இந்திராணி அடுப்படிக்குள் நழுவினாள்.

சியாமளா மகளை அணைத்துக்கொண்டு விம்மினாள். "பூவை நம்பி நானும் நாளைப் போக்கிட்டன் பிள்ளை. வா, இண்டைக்கே டொக்டரிட்டப் போவம்."

"பொறு சியாமளா... நான் கார் எடுக்கிறன். என்னை மன்னிச்சுக்கொள்."

"வேண்டாம். குடிகாரி உங்கட காரில ஏறக்கூடாது. ட்ராம் இருக்கு."

இருவரும் படியிறங்கும்போது மேலிருந்து அவர் குரல் உடைந்து வந்தது. "ரெண்டு பேரும் திரும்பி வருவியள்தானே?"

சியாமளா அண்ணாந்து பார்க்கவில்லை.

"பிள்ளை வருவமெண்டு சொன்னால் வாறன்."