தூதுவளை முள்

மனைவி இறந்தபிறகு அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்த தையற்காரர், ஒரு காலையில் சின்ன மகளையும் தையல் மெஷினையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு தன் பழைய வீட்டுக்கே திரும்பி வந்தார். பூட்டைத் திறந்ததும் அடைத்துக் கிடந்த வீட்டின் புழுக்க வாடை முகத்தில் அடித்தது. பின்பக்கத்து வேலியில் தூதுவளை மட்டும், கேட்பாரில்லாமல் தழைத்து, சமையலறை ஜன்னல் கம்பிவரை ஏறியிருந்தது.

மகளுக்கு இருமல். அதுவும் லேசுப்பட்ட இருமல் இல்லை. இருமி இருமியே பிள்ளை துரும்பாகிவிட்டது. டாக்டர் கொடுத்த மருந்து ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது. மனைவி இருந்தவரை இந்தக் கொடியின் இலையை வதக்கிச் சோற்றில் பிசைந்து ஊட்டுவாள், நெஞ்சுச்சளி இளகிவிடும். ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிய நேரத்திலும் அவளுக்கு அதே நினைப்புதான்.

"பிள்ளைக்கு இருமல் வந்தா தூதுவளை குடுங்க. முள்ளை எடுக்காமக் குடுத்துடாதீங்க, தொண்டையில குத்தும்."

பாவம் மனுஷன், துணியைத் தவிர எதையும் வெட்டிப் பழக்கமில்லாதவர். பறித்தபிறகுதான், ஒவ்வொரு இலையின் முதுகிலும் நரம்போடு நரம்பாக முள் இருப்பதைப் பார்த்தார். கிண்ணத்தைச் சமையலறையில் வைத்துவிட்டுக் கத்தரிக்கோல் எடுக்க முன்னறைக்குப் போனார்.

டிக்.

நகத்தால் எதையோ கிள்ளும் சத்தம்.

டிக்... டிக்.

ஓடிவந்து பார்த்தால் சமையலறையில் யாருமில்லை. கிண்ணத்தில் முள்ளில்லாத இலைகள். பக்கத்தில் ஒரு சிட்டிகை முள், சின்னக் குவியலாக. அவள் அப்படித்தான் குவித்துவைப்பாள். அந்தக் குவியலைத் தொடாமல் இலையை மட்டும் எடுத்து வதக்கினார். அன்றைக்கு மகள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

அதற்குப்பிறகு தினமும் இதே கதைதான். இலையை வைத்துவிட்டு அவர் முன்னறைக்குப் போய்விடுவார். எட்டிப்பார்க்கத் தைரியம் வரவில்லை. மகளின் இருமல் குறைந்தது. தூக்கத்தில் அறவே இல்லை. விழித்திருக்கும்போது மட்டும் அவ்வப்போது வந்தது. வெயிலில் கொடியும் காய்ந்து, பறிக்க ஓர் இலைகூட மிஞ்சவில்லை.

ஆனாலும் ஒருநாள் மதியம் சமையலறையில் அந்தச் சத்தம் கேட்டது.

அவர் போய் நின்றார். கிண்ணம் காலி. பக்கத்தில் மட்டும் ஒவ்வொன்றாக முள் விழுந்துகொண்டிருந்தது. இல்லாத இலையில் அவள் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பயத்தை முந்திக்கொண்டு அழுகை வந்தது.

"பிள்ளைக்குச் சரியாயிடுச்சும்மா," என்றார் மெதுவாக. "நீ நிம்மதியாப் போ."

சத்தம் நின்றது.

அப்போது பின்னாலிருந்து ஓர் இருமல். கதவோரம் நின்றிருந்த மகள், அவரையே பார்த்துக்கொண்டு, வேண்டுமென்றே இன்னொருமுறை இருமினாள். ஏன் என்று அவர் கண்ணாலேயே கேட்டார்.

"சரியாயிடுச்சுன்னு சொல்லாதீங்கப்பா," என்று கிசுகிசுத்தாள். "அம்மா போயிடுவாங்க."

அவரால் அதட்ட முடியவில்லை. மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரும் ஒருமுறை இருமினார்.

டிக்.