மனிதநேயம் உள்ள செவிலி தேவை

காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதியதும் சுடலைமுத்து சுவரில் மாட்டியிருந்த தன் வலது கையை எடுத்துத் தோளில் பொருத்திக்கொண்டார். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி விரிந்தன. சார்ஜ் சரியாக ஏறவில்லை. கட்டைவிரல் மட்டும் சோம்பேறித்தனம் பண்ணியது. இடது கையால் அதற்கு ஒரு தட்டுத் தட்டினார். கரும்பள்ளம் காலனியில் இது பல் தேய்ப்பது மாதிரி. பாதி வீடுகளில் சுவரில் ஒரு கையோ காலோ தொங்கும். அவசரத்தில் அண்ணன் காலைத் தம்பி மாட்டிக்கொண்டு போய், இரண்டு பேரும் நாள் முழுக்க நொண்டியதும் உண்டு.

கரும்பள்ளம், நிலவின் தென்துருவத்தில் வெயிலே படாத ஒரு குழி. அடியில் கிடக்கும் பனியை வெட்டி, உருக்கி, விண்கப்பல்களுக்கு விற்றது கம்பெனி. எந்திரத்தை வைத்து வெட்டலாமே என்று பூமியில் கேட்பார்கள். வெட்டலாம். ஆனால் அந்தக் குளிரில் எந்திரத்தின் மூட்டு உடைந்தால் உதிரிபாகம் வர மாசக்கணக்காகும். மனிதனின் மூட்டு உடைந்தால் அடுத்த மனிதன் மறுநாளே வந்துவிடுவான்.

சுடலைமுத்துவின் மகள் உலகம்மாள். நிலவில் பிறந்தவளுக்கு இப்படியொரு பெயர் வைத்த குடும்பம் அது. செவிலியர் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தாள். கையில் இரண்டு வேலை இருந்தது.

ஒன்று காலனி ஆஸ்பத்திரியில். அங்கே ஊசி முதல் அறுவை வரை எல்லாமே எந்திரம். மனிதச் செவிலி பக்கத்தில் நின்று நோயாளியைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். எத்தனை பல் தெரிய வேண்டும் என்பதற்குப் பயிற்சி உண்டு. இன்னொன்று சுரங்க வாசலில் உள்ள முதலுதவி அறையில். 'மனிதநேயம் உள்ள செவிலி தேவை' என்று கம்பெனி விளம்பரம் செய்திருந்தது.

"ஏட்டி, ஆஸ்பத்திரிக்கே போ. வெள்ளை உடுப்பு, கதகதப்புல வேலை. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் கேட்டா கௌரவமா சொல்லலாம்" என்றாள் அம்மா கோமதி. அவள் சுரங்க உடுப்புகள் துவைக்கும் கூடத்தில் வேலை பார்த்தாள்.

"சிரிக்கவாம்மா நாலு வருஷம் படிச்சேன்?" என்றாள் உலகம்மாள். சுரங்கத்துக்கே நேர்காணலுக்குப் போனாள்.

மேலாளர் கிருபாகரன் நாற்காலியைக் காட்டினார். அந்த அறையில் அதுவரை இருந்தது ஒரு செவிலியந்திரம். தொழிலாளிகள் அதை 'வெள்ளையம்மா' என்பார்கள். விரலை வைத்தால் அதன் வலிமானி பூஜ்யத்திலிருந்து பத்துவரை வலியை அளந்து சொல்லும். ஏழைத் தாண்டினால் அதுவே ஓய்வு எழுதிவிடும்.

"வெள்ளையம்மாவ எங்க சார் காணோம்?"

"கிடங்குக்கு அனுப்பிட்டோம். வலிமானியை மட்டும் கழட்டி இங்க வச்சிருக்கோம்."

"பழுதா?"

"பழுதா இருந்தா வச்சிருப்போமே. சரியா வேலை செய்யுது, அதான் சிக்கல்." அவர் நிஜமாகவே நொந்துபோயிருந்தார். "ஏழுக்கு மேல போனா ஓய்வு, எழுது, அனுப்பு. உற்பத்தி விழுதேன்னு ஒரு வருத்தம் உண்டா? துளி மனிதநேயம் கிடையாதும்மா அதுக்கு. மனுஷங்கன்னா எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்குவாங்க."

"வலிமானி எட்டு காட்டினா?"

"காட்டட்டும். நீங்க பார்த்து அஞ்சுன்னு எழுதலாம். மனிதச் செவிலியோட கணிப்புதான் கடைசின்னு சட்டமே சொல்லுது. ஒரு மாத்திரை குடுத்து உள்ளே அனுப்பிடுங்க."

அந்த மாத்திரையை உலகம்மாளுக்குத் தெரியும். வெள்ளையம்மா வருவதற்கு முந்திய காலத்தில், உறைந்துபோன விரல்களோடு வந்த அவள் அப்பாவிடம் அப்போதிருந்த செவிலி சொன்னதும் இதுதான்: "ஒண்ணுமில்ல, ஒரு மாத்திரை போட்டுட்டு வேலைக்குப் போங்க." விரலில் இருந்தது தோள்வரை ஏறியது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னாள். "நான் ஆஸ்பத்திரிக்கே போறேன். சிரிச்சிட்டுக் கிடக்கேன்."

சுடலைமுத்து கட்டைவிரலின் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். "போ. ஆனா அந்த நாற்காலி காலியா இருக்காது. வேற ஒருத்தி உக்காருவா. எங்க உடம்பு அவ கையில."

"எட்டை எட்டுன்னு எழுதினா இவள ஒரே நாள்ல விரட்டிருவான்" என்றாள் கோமதி.

"விரட்டட்டும். அந்த ஒரு நாள் எவனுக்காவது ஓய்வு கிடைக்கும்லா."

உலகம்மாள் சுவரில் கை தொங்கும் ஆணியைப் பார்த்தாள். "சரிப்பா. ஒரு நாளுன்னாலும் ஒரு நாளு."

முதல் நாள் முதல் ஆளாக வந்தான் பாரம் ஏற்றும் மாரித்தங்கம். முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. வலிமானி எட்டு. எட்டு என்றே எழுதி, ஓய்வு போட்டாள். "நிஜமாவாக்கா?" என்று கேட்டுவிட்டு, அவள் மனசு மாறுவதற்குள் நொண்டிக்கொண்டே ஓடினான். செய்தி பரவியது. மதியத்துக்குள் மேலும் சில ஓய்வுகள், எல்லாமே உள்ளபடி.

மதியம் கிருபாகரன் வந்து கதவைச் சாத்தினார். உலகம்மாள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் நோயாளி நாற்காலியில் ஏறி உட்கார்ந்து விரலை நீட்டினார். "இடுப்பும்மா. உயிர் போகுது."

வலிமானி பூஜ்யம் காட்டியது.

மனிதர்கள் பூமியில் மட்டும் இருந்த காலத்திலேயே காய்ச்சல் இல்லாமல் காய்ச்சல் சான்று வாங்கிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனவர்கள். நிலவுக்கு மூட்டை கட்டியபோது அந்த வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டா வருவார்கள்?

"நாளைக்கு பூமியிலிருந்து ஆய்வுக்குழு வருது" என்றார் தணிந்த குரலில். "நான் படுத்தே ஆகணும். வெள்ளையம்மாகிட்ட எத்தனையோ தடவை கேட்டாச்சு. பூஜ்யம்னே எழுதுச்சு. கல்நெஞ்சு."

"ஒண்ணுமில்ல சார். ஒரு மாத்திரை போட்டுட்டு வேலைக்குப் போங்க."

அவர் முகம் செத்துவிட்டது. திரையில் காலைப் பட்டியலைப் பார்த்தார். "நிறைய பேருக்கு ஓய்வு எழுதியிருக்கீங்க போல."

"எட்டுன்னு காட்டுச்சு சார்."

அவர் திரையை அணைத்தார். பிறகு கிருபாகரன் இடுப்பைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எட்டுன்னா எட்டுதானே. அதை நான் ஏன் கேக்கப்போறேன்?"

உலகம்மாள் பூஜ்யத்தை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினாள்.

சாயங்காலம் வீட்டில் இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னட்டி, வேலை போயிட்டா?"

"போகலப்பா. மேலாளருக்கு இடுப்புவலி. அடிக்கடி வருமாம். அது இருக்குறவரைக்கும் உங்க எட்டு எட்டாவே இருக்கும்."

சுடலைமுத்துவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. சிரித்துக்கொண்டே கையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

கோமதி சாமி படத்துக்கு முன்னால் போய்க் கண்ணை மூடி நின்றாள். "தாயே, அந்த மனுஷனுக்கு இடுப்புவலி மட்டும் தீரவே கூடாது."

அந்த வருஷம் கரும்பள்ளத்துக்கு மனிதநேய விருது கிடைத்தது. விருதை வாங்கக் கிருபாகரன் மேடைக்குத் துள்ளி ஏறினார்.