ஒன்பது புள்ளி வலி

காலை எட்டு ஐம்பதுக்குக் கணித ஆசிரியன் தணிகைவேல் நாற்பத்திரண்டு வீடுகளில் ஒரே நேரத்தில் தோன்றினான். இடுப்புக்கு மேல் மட்டும். இஸ்திரி போட்ட சட்டையும் படிய வாரிய தலையுமாக அவனுடைய ஒளியுரு ஒவ்வொரு மாணவரின் மேசையிலும் முளைத்து, "எல்லாரும் நிமிர்ந்து உக்காருங்க" என்றது. கைலி கட்டிய கீழ்ப்பாதி யார் கண்ணிலும் படாமல், கடலூரில் ஒரு குடியிருப்பின் ஏழாம் மாடியில், மர நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தது.

மூன்றாம் பெருந்தொற்று தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பள்ளிகள் பூட்டியே கிடந்தன. ஒளியுரு கலையாதிருக்க நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்து உட்கார்ந்து, ஆசிரியர்களுக்கெல்லாம் முதுகு போயிற்று. கல்வித்துறை மனம் இரங்கித் தாங்கிருக்கையை அறிமுகப்படுத்தியது. உட்காருபவரின் முதுகுத்தண்டை எலும்பு எலும்பாகத் தாங்கி, வலியைத் தணித்துவிடும் நாற்காலி அது. வீட்டுக்கு ஒன்றுதான். அதுவும், வலிமானி என்னும் பட்டையை ஒரு நாள் இடுப்பில் கட்டி, பதிவான வலி ஏழு புள்ளியைத் தாண்டினால்தான்.

தணிகைவேலுக்கு அந்த நாற்காலி வேண்டும். பட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க முனகிப் பார்த்தான். வலிமானி இரண்டு என்றது. கூடவே, சற்று நடந்தால் சரியாகிவிடும் என்று புத்திமதியும் சொன்னது.

அவன் மனைவி திலகவதியும் ஆசிரியைதான், மூன்றாம் வகுப்பு. வீட்டில் இருந்த ஒரே மேசை கணிதத்துக்குப் போய்விட்டதால், அவள் சமையலறையில் எவர்சில்வர் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து பாடம் நடத்தினாள்.

"இதக் கொஞ்சம் கட்டிப் பாரேன். மெஷின் ரிப்பேரான்னு தெரியணும்" என்றான்.

"எனக்கென்னங்க, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் வாங்கிப் பார்த்தான். ஒன்பது. மெஷின் கெட்டுத்தான் போயிருக்கிறது என்று மறுபடி தன் இடுப்பில் கட்டினான். இரண்டு. மெஷினுக்கு ஒரு கேடும் இல்லை. அவனுக்குக் கூசியது. ஆனாலும் விண்ணப்பத்தில் இருந்தது அவன் பெயர். நாற்காலி வந்தால் வீட்டுக்குத்தானே வருகிறது என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு, அந்த ஒன்பதை அனுப்பிவைத்தான்.

விதிப்படி, அனுமதி தரும் அலுவலர் தாமும் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு, பதிவான வலியை ஒரு நிமிடம் தம் உடம்பில் வாங்கிப் பார்க்க வேண்டும். அலுவலர் நமச்சிவாயத்தின் ஒளியுரு கூடத்தில் தோன்றியது. பத்தாவது வினாடியில் அவர் தம் மேசையைப் பிடித்துக்கொண்டார். இருபதாவது வினாடியில் பட்டையைக் கழற்றிவிட்டார்.

"இத வச்சிக்கிட்டா சார் கிளாஸ் எடுக்கறீங்க?" அவர் கண் கலங்கியிருந்தது. "எப்படி சார் தாங்கறீங்க?"

"பழகிடுச்சு சார்" என்றான் தணிகைவேல். முகத்தில் ஒரு தியாகக் களையையும் வரவழைத்துக்கொண்டான். அதை நினைத்துப் பின்னால் பல நாள் அவனுக்குக் கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை.

நாற்காலி வந்தது. ஆசையாக உட்கார்ந்தான். "இது உங்கள் முதுகு அல்ல. தயவுசெய்து எழுந்திருங்கள்" என்றது நாற்காலி, கணீரென்று. பதிவில் உள்ள முதுகுத்தண்டுக்கே அளவெடுத்துச் செய்வார்கள் என்பதைத் துறை சொல்லித் தொலைக்கவில்லை. சமையலறை வாசலில் திலகவதி நின்றிருந்தாள்.

"அன்னிக்கு என்னைக் கட்டச் சொன்னது இதுக்குத்தானா?"

அவன் நாற்காலியை விட்டு எழுந்தான். அவள் திட்டவில்லை. மெல்ல வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, "வலிக்காம இருந்தா இப்படியா இருக்கும்?" என்று கேட்டாள். தணிகைவேல் வெட்கிப்போனான். இனி இது உனக்குத்தான் என்று சொன்னான், மனதாரத்தான் சொன்னான். நாற்காலி சமையலறைக்குள் நுழையாததால் கூடத்தில், அவன் மேசைக்குப் பக்கத்தில் போட்டார்கள். வகுப்பு இல்லாத நேரத்தில் அவள் வந்து உட்காரலாம்.

ஒரு மாதம் கழித்து நமச்சிவாயம் மறுபடி தோன்றினார். முகத்தில் பழைய இரக்கம் இல்லை.

"ஒரு நாளைக்குப் பதினோரு நிமிஷம்தான் உக்காந்திருக்கீங்க. அப்ப வலி இல்லைன்னுதானே சார் அர்த்தம்? வேற டீச்சருக்குக் குடுத்துடறோம்."

தணிகைவேல் உண்மையைக் கொட்டிவிட்டான். வலி தன்னுடையதல்ல, மனைவியுடையது. தண்டனை எதுவானாலும் தனக்கிருக்கட்டும், நாற்காலியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். சொல்லி முடித்தபோது அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நமச்சிவாயம் யோசித்தார். "சரி சார். ஒன்பது புள்ளி வலிக்குதுல்ல அவங்களுக்கு, அப்புறம் ஏன் உக்காரல?"

அதற்கு விடை நாற்காலியிடம் இருந்தது. உட்கார்ந்தவர் எதனால் எழுந்தார் என்று ஆராய்வதற்காக, எழுவதற்கு முன் கேட்ட ஓசையை அது சேமித்துவைக்கும். அலுவலர் ஆணையிட்டதும் ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டது.

"திலகா, காபி ஆச்சா?" தணிகைவேலின் குரல். "திலகா, என் மூக்குக்கண்ணாடி எங்க?" அதுவும் அவன்தான். "திலகா, வெளிய டிரோன் வந்து நிக்குது பாரு." "திலகா, நீ உக்காந்துக்கோ. அந்தத் தண்ணிய மட்டும் எடுத்துக் குடுத்துட்டு உக்காந்துக்கோ."

அவன் தலையைத் தூக்கவில்லை. நமச்சிவாயமும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"திலகா, சார்ஜர் எங்க?" என்றது நாற்காலி.

சமையலறையில் அண்டா நகரும் சத்தம் கேட்டது. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே திலகவதி வேகமாக வந்தாள். கூப்பிட்டது மனுஷனா நாற்காலியா என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை.

"இங்கதாங்க கிடக்கு, இருங்க" என்று இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மேசைக்கு அடியில் குனிந்தாள்.