வேர்விடும் பக்கம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆய்வுக்கூடத்தில் அவள் தட்டை வெளியே எடுத்துப் பார்த்தபோது, உருண்டைகள் எல்லாம் மறுபடியும் ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தன.

கை அகலமுள்ள பிளாஸ்டிக் தட்டு. அதில் வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் கண்ணாடி போன்ற ஒரு கூழ்த்துளி, அதற்குள் கடுகைவிடச் சிறிய வெள்ளை உருண்டைகள். நஞ்சுக்கொடியின் உயிரணுக்களைப் பிரித்தெடுத்து, இளஞ்சிவப்புத் திரவம் ஊற்றி, இன்குபேட்டர் பெட்டிக்குள் உடம்புச் சூட்டிலேயே வைத்து அவள் வளர்த்தவை. நஞ்சுக்கொடி தாயின் ரத்தக்குழாய்களுக்குள் எப்படி வேர்விடுகிறது, சிலருக்கு மட்டும் ஏன் மேலோட்டமாகவே நின்றுபோய் ரத்த அழுத்தம் ஏறித் தாயையும் பிள்ளையையும் படுத்தி எடுக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவளுடைய வேலை.

முதலில் ஒதுங்கியபோது, கூட வேலை பார்க்கும் சுருட்டைமுடிக்காரிதான் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பஸ்ல ஜன்னலோரம் பிடிக்கிற கூட்டம் மாதிரி இருக்கு. இன்குபேட்டர் சாய்ஞ்சிருக்கும், பாருங்க."

சாயவில்லை. அவள் ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். பிறகு நேற்று சாயந்திரம் தட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். இப்போது வந்து பார்த்தால், உருண்டைகள் கூழுக்குள் ஊர்ந்து பழைய பக்கத்துக்கே வந்து சேர்ந்திருந்தன. ஜன்னல் பக்கம். ஜன்னலுக்கு வெளியே சாலை. சாலைக்கு அப்பால் அவளும் தங்கையும் குடியிருக்கும் அடுக்குமாடி.

"முடிஞ்சுதா அக்கா?" முன்னறையிலிருந்து தங்கையின் குரல் கேட்டது.

"இன்னும் கொஞ்ச நேரம்டி. உட்காரு."

தங்கைக்கு இது எட்டாம் மாதம். கணவன் வேலை நிமித்தம் வெளியூர் போயிருந்தான். ரத்த அழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவளைத் தனியாக விட மனமில்லாமல் இன்றும் கையோடு கூட்டிவந்திருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. விடுமுறை நாளானதால் கட்டிடத்தில் வேறு யாரும் இல்லை. இன்குபேட்டர் விசிறியின் முனகல், குளிர்பெட்டி நின்று நின்று உறுமும் சத்தம், கண்ணாடியில் வழியும் மழை. எல்லாவற்றுக்கும் அடியில், ஸ்பிரிட் வாசனையையும் மீறிக்கொண்டு, லேசாக ஒரு வெதுவெதுப்பான வாசனை. எங்கோ முகர்ந்த வாசனை. பிரசவ அறைக்கு வெளியே போன வருடம் அவள் காத்திருந்தபோது கதவு திறக்கும்போதெல்லாம் வந்த அதே வாசனை.

தங்கையின் முதல் பிரசவம் அது. வலிப்பு வந்து, உயிர் பிழைத்ததே பெரும்பாடு. பிள்ளை பிழைக்கவில்லை, ஆண் பிள்ளை. நஞ்சுக்கொடியை ஆராய்ச்சிக்குக் கொடுக்கத் தங்கைதான் சம்மதித்தாள். "இன்னொருத்திக்கு இப்படி வரக்கூடாதுக்கா" என்றாள். அந்த நஞ்சுக்கொடியிலிருந்து வந்தவைதான் இந்த உருண்டைகள். மேலோட்டமாகவே நின்றுவிடும் அந்த வேர்களை ஆழமாகப் போகவைக்க அவள் மாதக்கணக்காக மருந்து மாற்றி மாற்றி ஊற்றினாள். இந்த வாரம்தான் முதல்முறையாக அவை கூழைத் துளைத்தன.

தங்கை கதவருகே வந்து நின்றாள். ஒரு கை இடுப்பில்.

"இங்க வந்தா தலைவலி போயிடுதுக்கா. என்னன்னே தெரியல."

"நல்லதுதானே."

"ஆனா உள்ள இருக்கிறவன் இங்க வந்தா அசையவே மாட்டேங்கிறான். எதையோ காது கொடுத்துக் கேக்கிற மாதிரி இருக்கான்." சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு தட்டைப் பார்த்தாள். "இதுதானா? என் உடம்புலேருந்து எடுத்தது?"

அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள். "உன்னோடதுன்னு சொல்ல முடியாதுடி. நஞ்சுக்கொடியை அம்மா உடம்பு செய்யறதில்ல. பிள்ளைதான் தனக்குன்னு செஞ்சுக்கும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தங்கை தட்டின் பக்கம் குனிந்தாள்.

"அப்போ இது அவனா?"

"அவன் இல்லடி. வெறும் உயிரணு."

"உயிரோடதானே இருக்கு?"

தங்கை திரும்பி முன்னறைக்கு நடந்துவிட்டாள். செருப்புச் சத்தம் தேய்ந்து, நாற்காலி கிரீச்சிட்டது.

அவள் மறுபடி நுண்ணோக்கியில் குனிந்தாள். குழியின் ஜன்னல் பக்கம் காலியாக இருந்தது.

உருண்டைகள் கதவுப் பக்கம் இருந்தன.

இப்போதுதானே பார்த்தாள். ஒரு ராத்திரி முழுக்க ஊர்ந்தால்தான் மறுபக்கம் போய்ச் சேரும். குழியை மாற்றினாள். அடுத்ததிலும் கதவுப் பக்கம். அதற்கடுத்ததிலும். ஒவ்வொரு உருண்டையிலிருந்தும் நூல்நூலாய் வெள்ளை வேர்கள் கிளம்பி, கூழைக் கிழித்துக்கொண்டு, குழியின் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தன. சுவரைத் தடவின. கண் தெரியாத ஒருவரின் விரல்கள் கதவைத் தடவுவதுபோல.

"அக்கா, பாத்ரூம் போய்ட்டு வரேன்."

தாழ்வாரத்தின் மறுகோடியில் கழிப்பறை. தங்கையின் காலடி இடப்பக்கமாக, சுவருக்கு அப்பால், மெல்லப் போனது. அவள் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேர்கள் இடப்பக்கம் திரும்பின.

எல்லாம். ஒன்றாக. காலடி போன வேகத்திலேயே.

அவள் தட்டைத் தூக்கி இன்குபேட்டரில் போட்டுக் கதவை அறைந்து சாத்தினாள். யோசிக்க ஒன்றுமில்லை. கொன்றுவிட வேண்டும். இவ்வளவு நாள் உழைப்பு போனால் போகட்டும். ப்ளீச் ஊற்றினால் நொடியில் கரைந்துவிடும். அலமாரியில் பாட்டில் காலி. கீழ்த்தளத்துப் பொருள் அறையில் இருக்கும்.

தங்கை திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் நிறமே இல்லை.

"இங்கயே இருடி. எழுந்திருக்காதே. வந்ததும் கிளம்பிடலாம்."

"எங்க போகப் போறேன்," என்றாள் தங்கை.

படிகளில் ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். பொருள் அறைப் பூட்டு மக்கர் செய்தது. பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பும்போது மின்சாரம் போய், ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் தாழ்வாரம் மழையிருட்டில் மூழ்கியது. சுவரைத் தடவிக்கொண்டே ஏறினாள். மேலே போகப் போக வாசனை ஏறியது. வெதுவெதுப்பான, இரும்புத் துருவின் வாசனை.

விளக்கு வந்தது.

நாற்காலி காலி.

"எங்கடி இருக்க?"

உள்ளே இன்குபேட்டர் திறந்திருப்பதை உணர்த்தும் மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் ஓடினாள்.

தங்கை தரையில் காலை நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. மூடி எங்கோ உருண்டு கிடந்தது. வலது உள்ளங்கை குழிகளின்மேல் கவிழ்ந்திருந்தது, தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் மார்பில் வைத்ததுபோல.

"கையை எடுடி! எடு!"

பாட்டிலைப் போட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். கை வரவில்லை. கையோடு தட்டுதான் வந்தது. தோலுக்கு அடியில் வெள்ளை நூல்கள். உள்ளங்கையில். மணிக்கட்டில். முழங்கையைத் தாண்டி, நரம்பை ஒட்டியே, மேலே. அவள் விரலுக்குக் கீழே ஒன்று நெளிந்தது.

தங்கை கண்ணைத் திறந்தாள். தலைவலியில்லாத முகம். தூக்கம் சொக்கும், நிம்மதியான முகம்.

"மெதுவாக்கா. இழுக்காதே," என்றாள். "மூத்தவன் குடிக்கிறான்."

தங்கையின் இடது கை வயிற்றின்மேல் இருந்தது. அந்தக் கையின்கீழ் எதுவும் அசையவில்லை. மடியிலிருந்த தட்டில், விரலிடுக்குகள் வழியே தெரிந்த குழிகள் ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டே வந்தன. எல்லாம் சிவந்த பிறகு, உள்ளே உருண்டைகள் ஒன்றாகச் சுருங்கின.

ஒன்றாக விரிந்தன.