கேனில் குறையாத தண்ணீர்

புதன்கிழமைக் கோட்டிலேயே நின்றது தண்ணீர். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

அவள் போனை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். எலும்பு வார்டில் மாமியாரின் கட்டிலை ஒட்டிப் போட்ட மடக்கு நாற்காலியில் ஐந்தாவது நாளாகக் குந்தியிருக்கிறவளுக்குக் கண் எதையும் ஒழுங்காகக் காட்டும் என்று சொல்லிவிட முடியாது. பினாயில் வாடையும் ஆறிப்போன பாலின் வாடையும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகுகிற மின்விசிறியும், பக்கத்துக் கட்டிலின் விடாத இருமலும் சேர்ந்து அவளை அடித்துத் துவைத்துப் போட்டிருந்தன. மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டது திங்கட்கிழமை காலை. வேலைக்காகக் கடல் தாண்டிப் போயிருக்கும் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஆறு மணி நேரம் பயணம் செய்து இவள்தான் ஓடிவந்தாள்.

கிளம்புகிற அவசரத்திலும் அவள் என்னென்ன செய்துவைத்துவிட்டு வந்தாள் என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஹாலில் நாலடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத்தண்ணீர், பாறைகள், ஒன்பது வருஷமாக நகக்கண் அளவு துண்டுகளிலிருந்து வளர்த்தெடுத்த பவளங்கள், ஏழு மீன்கள். அதன் அடியில், அலமாரிக்குள், ஒரு சின்னத் தொட்டி. மேலே நிரம்பி வழியும் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கும், மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றும். ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு மட்டும் தங்கிவிடும். அதை ஈடுகட்ட, அலமாரிக்கு வெளியே பக்கத்தில் ஒரு கேன் நிறைய நல்ல தண்ணீர். கீழ்த்தொட்டியில் ஒட்டிய சிவப்புக் குறிக்குக் கீழே மட்டம் இறங்கினால், கேனிலிருந்து தானாகவே இறங்கிக்கொள்ளும். கேனில் மார்க்கரால் கிழமைக்கு ஒரு கோடு போட்டுவைத்துவிட்டுத்தான் அவள் வண்டி ஏறினாள். எதிர் அலமாரியில் ஒரு கேமராவும் உண்டு. மாமியாரின் மாத்திரை நேரத்துக்கு நடுவில் போனைத் திறந்து அந்தக் கோடுகளைப் பார்ப்பதுதான் அந்த ஐந்து நாளில் அவளுக்கிருந்த ஒரே ஆறுதல்.

தண்ணீர் ஆவியாகாமல் இருக்காது. வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும் குறையத்தான் செய்யும். அப்படியிருக்க, கேன் ஏன் குறையவில்லை?

தம்பிக்குப் போன் போட்டாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். இடுக்கில் கையை விட்டே பிழைப்பு நடத்துகிறவன், எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டான். வீட்டுச்சாவி அவனிடம்தான். தினமும் வேலை முடிந்து வந்து, மாத்திரை டப்பாவில் அவள் கிழமைவாரியாகப் பிரித்துப் போட்டிருக்கும் தீனியில் அன்றைய பங்கைப் போட்டுவிட்டுப் போவான். போடும் முன் பொத்தானை அமுக்கி மோட்டாரை நிறுத்தவேண்டும். பத்து நிமிஷம் தண்ணீர் அசையாமல் நிற்கும், தீனி அடித்துக்கொண்டு போகாது. பிறகு மோட்டார் தானாக ஓட ஆரம்பிக்கும்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. சிவப்புக் குறிக்கு ஒரு நூல் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. நீ அங்க அவங்களைப் பாரு, உன் கடலை நான் பாத்துக்கறேன்," என்றான்.

மீன்கள் சாப்பிடுகின்றனவா என்று கேட்டாள். கொஞ்சம் யோசித்து, முன்னே மாதிரி ஓடிவருவதில்லை, எல்லாம் ஒரு ஓரமாகவே நிற்கின்றன, உன்னைத் தேடுதுங்க போல என்று சொல்லிச் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை முழுக்க, மாமியார் கண்ணயர்ந்த போதெல்லாம், அவள் மஞ்சள் மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நாளெல்லாம் நேர்கோட்டில் நடை போடுகிற மீன் அது. இப்போது பாதித் தூரம் வந்ததும் நின்றது. மேலே ஏறியது, எதையோ சுற்றிக்கொண்டு போகிற மாதிரி வளைந்து, அந்தப் பக்கம் இறங்கி, மறுபடி நேராகப் போனது. திரும்பி வரும்போதும் அதே இடத்தில் அதே வளைவு. நடுவில் பாறை இல்லை, பவளம் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் நீலச் சுவர்தான் தெரிந்தது. காதில் வயரைச் செருகிக் கேட்டாள். மோட்டாரின் சன்னமான ரீங்காரம், வழிந்திறங்கும் தண்ணீரின் சளசளப்பு. ஒன்பது வருஷமாகத் தூக்கத்தில்கூடக் கேட்ட சத்தம். அதில் ஏதோ ஒன்று குறைந்திருந்தது. பாத்திரம் நிறையும்போது குழாய்ச் சத்தம் அடங்கிப்போகுமே, அப்படி அடங்கியிருந்தது.

பவளம் வாங்கும் கடைக்காரரைக் கூப்பிட்டாள். பொறுமையான மனிதர், முழுக்கக் கேட்டார். மட்டம் குறையவில்லை என்றால் யாராவது தண்ணீர் ஊற்றியிருக்கவேண்டும், இல்லை உள்ளே ஏதாவது போட்டிருக்கவேண்டும், புதிதாகப் பாறை வைத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள். பாறையில் ஒட்டிக்கொண்டு வந்த ஏதோ ஒன்று பெரிதாக வளர்ந்திருந்தாலும் மட்டம் ஏறும், ஆனால் அது வருஷக்கணக்கில் நடக்கிற விஷயம் என்று அவரே சொன்னார். பிறகு, "அஞ்சு நாளா தூங்கலன்னு சொல்றீங்க. முதல்ல ஒரு மணி நேரம் படுங்கம்மா," என்றார். அந்த அக்கறைக்கே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கையைத் தோள் வரை உள்ளே விட்டால் கீழ்த்தொட்டியில் ஒரு விரற்கடை ஏறும். அது அவளுக்கு மனப்பாடம். எடுத்தால் இறங்கிவிடும். அந்த ராத்திரி நாற்காலியில் தலை தொங்கியபடி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். கையை விட்டால் ஏறும். எடுத்தால் இறங்கும். அரைத்தூக்கத்தில் அதைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி மூன்று மணிக்கே வந்துவிட்டான். அலமாரிக் கதவைத் திறக்கச் சொன்னாள். கேமராவில் சிவப்புக் குறி தெரிந்தது, தண்ணீர் அதைச் சரியாகத் தொட்டுக்கொண்டு நின்றது. அளவெடுத்து வைத்த மாதிரி. அவள் இருந்த காலத்தில்கூட ஒருநாளும் அத்தனை சரியாக நின்றதில்லை.

"எப்படிடா இவ்ளோ கரெக்டா நிக்குது?"

"தினம் வந்து பாக்கும்போது குறியைத் தாண்டியிருக்கும். தாண்டக்கூடாதுன்னு நீதானே சொன்ன? அள்ளி எடுத்துடுவேன்."

"எங்க ஊத்தின?"

"ஊத்தல. உப்புத்தண்ணியாச்சே, வேணுமோ என்னமோன்னு பாத்ரூம் பக்கெட்ல வெச்சிருக்கேன். பதினஞ்சு லிட்டர் இருக்கும்."

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மூன்று நாளாக அள்ளுகிறவன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கோபம், தாண்டக்கூடாது என்று மட்டும் சொல்லி, தாண்டினால் சொல் என்று சொல்லாத தன் மேலும் கோபம். உப்பெல்லாம் போயிருக்குமே, ஒன்பது வருஷ உழைப்பு வெளுத்துப்போய்விடுமே என்றுதான் அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. வேறு எதுவும் தோன்றவில்லை. தூக்கம் இல்லாத மூளை ஒரு நேரத்தில் ஒரு கவலையைத்தான் தூக்கும்.

இன்றைக்கு ஞாயிறு, பவளங்களுக்கான வெள்ளைத் தூளையும் போடவேண்டும் என்று அவன் ஞாபகமாகக் கேட்டான். மோட்டாரை நிறுத்தித் தூளைத் தூவிவிட்டு, அப்படியே தொட்டிக்குள் ஏதாவது தெரிகிறதா பார் என்றாள். அதற்குள் வார்டுக்குள் டாக்டர் நுழைந்துவிட்டார், பின்னால் நர்ஸ். மாமியார் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவசர அவசரமாகப் போனில் சொன்னாள்:

"நடுவுல, மீனுங்க வளைஞ்சு போற இடத்துல, கையை விட்டுத் தடவிப் பாரு. ஏதாவது வளந்து கெடக்கும்."

"கடிக்காதுல்ல?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. சோப்பு போடாம கையைக் கழுவிட்டு விடு."

வைத்துவிட்டாள்.

டாக்டர் ஆபரேஷன் தையலைப் பார்த்தார். காலைத் தூக்கச் சொன்னார். ஊசி மருந்தின் அளவை மாற்றவேண்டும் என்று சொல்லி, எடை எவ்வளவு என்று கேட்டார். ஐம்பத்திரண்டு கிலோ என்று அவள்தான் பதில் சொன்னாள். நர்ஸ் எழுதிக்கொண்டார்.

ஐம்பத்திரண்டு கிலோ. ஓர் ஆள் தண்ணீரில் முழுக்க முங்கினால், எத்தனை கிலோவோ கிட்டத்தட்ட அத்தனை லிட்டர் வெளியே வழியும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

பக்கெட்டில் பதினைந்து. கேனிலிருந்து இறங்காமல் நின்ற மூன்று நாள் தண்ணீர், நாலு நாலாகப் பன்னிரண்டு.

இருபத்தேழு.

எட்டு வயசுக் குழந்தையின் எடை.

டாக்டர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது தெரிந்தது. அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் சார் என்று சொன்னாளா, சொல்லவில்லையா, அவளுக்கே தெரியவில்லை. வராந்தாவுக்கு ஓடினாள். தம்பியின் நம்பரை அழுத்தினாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. கையை எடுடா, எடுத்துட்டு வெளிய ஓடுடா என்று அடிக்கும் மணியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரில் ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்தவர் ஒதுங்கிப் போனார்.

யாரும் எடுக்கவில்லை.

கேமராவைத் திறந்தாள். வட்டம் சுற்றியது. சுற்றியது. படம் வந்தது.

மத்தியான வெளிச்சத்தில் ஹால். தொட்டியின் மூடி திறந்திருந்தது. ஸ்டூலின் மேல் தம்பியின் வாட்ச், பக்கத்தில் அவனுடைய போன். அது அடித்து அடித்து மின்னியது. வாசல் கதவு தெரிந்தது. உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

அவன் இல்லை.

அலமாரிக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சொட்டுச் சொட்டாக இல்லை. அகலமாக, சத்தமில்லாமல், கீழ்த்தொட்டியின் விளிம்பு முழுக்க. தரையெல்லாம் தண்ணீர். சோபாவின் கால் வரைக்கும் தண்ணீர். தண்ணீருக்கு அந்தப் பக்கம் தரையில் ஒரு ஈரக் கால்தடம்கூட இல்லை.

தொட்டிக்குள் ஒன்றுமே இல்லை. நீலம். பாறைகள். ஏழு மீன்களும் ஒரே மூலையில், ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக்கொண்டிருந்தன.

மோட்டார் நின்றிருந்தது. பத்து நிமிஷம் இன்னும் முடியவில்லை. அசையாத தண்ணீரில் வெள்ளைத் தூள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. நேராக அடிக்குப் போகவேண்டிய தூள். பாதியில் நின்றது.

நடுத்தண்ணீரில் தங்கியது.

முதலில் ஒரு கோடு. கோடு வளைந்தது. தோள். மடக்கிய முழங்கால். குனிந்த முதுகின் எலும்பு முடிச்சுகள் ஒவ்வொன்றாக. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் இடையில் நாலடிக்குள் மடங்கி உட்கார்ந்திருந்தது ஒரு பெரிய உடம்பு. அதன் காதை அவளுக்குத் தெரியும். கூடப் பிறந்தவனின் காது.

அவன் கழுத்தைச் சுற்றி இன்னும் இரண்டு கோடுகள் வெளுத்துத் தெரிந்தன. மெலிந்த, சின்னக் கைகள். அவன் மடியில் ஏறி உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்திருந்தது ஒரு சின்ன உருவம்.

அதன் முகத்துக்கு முன்னால் மட்டும் தூள் இறங்கவில்லை. உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே போனது. வெளியே வந்தது. அவசரமே இல்லாமல், தூங்கும் குழந்தையின் மூச்சு மாதிரி.

தம்பியின் முகத்துக்கு முன்னால் தூள் அசையாமல் நின்றது.

"விடு," என்றாள் அவள். யாரிடம் சொன்னாளோ. "மூச்சு விடுடா. மூச்சு விடுடா, கண்ணா." வராந்தாச் சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளேயிருந்து மாமியார் கூப்பிடும் குரல் கேட்டது. போனை முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, வேறு எதையும் வேண்டாமல், அந்த ஒன்றை மட்டும் வேண்டிக்கொண்டாள்.

சின்னக் கை ஒன்று எழுந்தது. அவன் தலையை ஒருமுறை தடவிக்கொடுத்தது.

அவன் முகத்துக்கு முன்னால் தூள் லேசாக அசைந்தது. உள்ளே போனது. வெளியே வந்தது.